தேரிமங்கலத்துக்கு முதலிடம்

ஜனவரி 6

தண்ணீர் லாரி இன்றும் வரவில்லை. இரண்டு வாளியில் குளியல், துணி, பாத்திரம் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு, பஸ்ஸில் தொங்கியபடி அலுவலகம் போய்ச் சேர்ந்தால், அங்கே எனக்காகக் காத்திருந்த வேலை மற்ற ஊர்களுக்கு மார்க் போடுவது.

எங்கள் நிறுவனம் இணையத்தில் வீடு, மனை விற்கிறது. போன வருடம் 'குடியேறச் சிறந்த பத்துச் சிற்றூர்கள்' என்று ஒரு பட்டியல் போட்டோம். ஒருவரும் சீண்டவில்லை. அதனால் இந்த வருடம் தலைகீழ். "குடியேற வேண்டாத பத்துச் சிற்றூர்கள். இருபதாயிரம் ஜனத்தொகைக்குக் கீழ இருக்கற ஊருங்க மட்டும். எல்லாம் கவர்மென்ட் புள்ளிவிவரம். எவனும் வாயத் திறக்க முடியாது பாருங்க" என்றார் மேலாளர் சந்தானகிருஷ்ணன். உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டே பேசினார். கல்யாணப் பந்திக்கு உட்காரப் போகிறவர் மாதிரி இருந்தது.

கணக்கு என் பொறுப்பு. சரிபார்ப்பது ஹசீனா. பக்கத்து மேசைக்காரி, என்னைவிடப் பத்து வயது சின்னவள், தப்பு கண்டுபிடிப்பதில் கெட்டிக்காரி. முந்நூற்றுப் பதினெட்டு ஊர்கள், பன்னிரண்டு அம்சங்கள். குடிநீர், பஸ் வசதி, பள்ளித் தேர்ச்சி, ஊரை விட்டுப் போனவர்கள், ஆயிரம் பேருக்கு எத்தனை சாவு, இப்படி. பெயர்களை அகர வரிசையில் இறக்கியபோது தேரிமங்கலமும் வந்தது. என் சொந்த ஊர். பதினான்காயிரம் ஜனம்தான், வராமல் எப்படி இருக்கும்?

எனக்கு அந்த ஊர்மேல் கோபமும் கிடையாது, பாசமும் கிடையாது. அதை விட்டு வந்து பதினொரு வருடமாயிற்று.

ஜனவரி 10

அக்காவிடம் பேசினேன். செல்லக்கனி அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி மூன்று வருடம் ஆகிறது. திங்கள், புதன், வெள்ளி என்று வாரம் மூன்று நாள் தேரிமங்கலம் அரசு ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ். நான்கு மெஷின் வைத்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம். காலையில் நான்கு மணி நேரம் படுத்து ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு, அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடத்துக்குப் போய் முட்டை எண்ணுவாள். அவள்தான் அங்கே அமைப்பாளர்.

"ஏல வண்ணா, என்னல சாப்ட்ட?"

"தயிர் சாதம்க்கா."

"குடுத்து வச்சவம்ல நீ. எனக்கு ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணிதான். ஒங்க அத்தான் செம்புல அளந்து அளந்து வைக்காவ. ரேஷன் கடைக்காரன் தோத்தான் போ."

பின்னால் நல்லபெருமாள் அத்தான் என்னவோ முனகுவது கேட்டது. அவர் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒருவரை ஒருவர் சீண்டிக்கொண்டே இருபத்தாறு வருடத்தை ஓட்டிவிட்டார்கள்.

"பெரிய டாக்டர் அடுத்த மாசம் ரிடையர் ஆவுதாருல. டாக்டர் இல்லன்னா மெஷின ஓட்டக் கூடாதாம்லா. அதனால இப்பவே புதுசா ஒருத்தருக்கு ஆர்டர் போட்டுட்டாவளாம். சின்ன வயசாம். பச்சப் புள்ளக்காரராம். பாவம், நல்ல வீடா பாத்து வைக்கணும்னு நர்சம்மா சொல்லிட்டுருந்தாவ."

ஜனவரி 17

முதல் கணக்கு முடிந்தது. தேரிமங்கலம் பதினான்காவது இடம். பட்டியலில் பத்துதான் வரும். "உங்க ஊரு தப்பிச்சுது சார்" என்று ஹசீனா சிரித்தாள்.

எனக்கு என்னவோ அது சரியாகப் படவில்லை. பதினான்கா? நான் அங்கே வாழ்ந்து பார்த்தவன். கல்லூரியில் புள்ளியியல் நடத்திக்கொண்டிருந்த காலத்தில் மலரைக் கல்யாணம் செய்து அங்கேதான் கூட்டிப்போனேன். சென்னையில் பிறந்து வளர்ந்தவள். எட்டு மாதம் இருந்தாள். அப்புறம் பெட்டியைக் கட்டிக்கொண்டு போய்விட்டாள். விவாகரத்துக் காகிதத்தில் எல்லோரும் எழுதுவதைத்தான் எழுதினார்கள். எனக்குத் தெரியும், அந்தச் செம்மண் புழுதியிலும் சந்தை இரைச்சலிலும் எந்தப் பட்டணத்துப் பெண் இருப்பாள்?

சாவு விகிதம் ஆயிரத்துக்கு முப்பத்தொன்று என்று இருக்கிறது. முந்நூற்றுப் பதினெட்டு ஊரிலும் அதுதான் அதிகம். அந்த அம்சத்துக்கு நூற்றுக்கு எட்டுதான் எடை கொடுத்திருந்தேன். சாவைவிட ஒரு ஊருக்கு வேறு என்ன குறை வேண்டும்? இருபத்தைந்து ஆக்கினேன். சார் வேறு பரபரப்பாக ஏதாவது வேண்டும் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

தேரிமங்கலம் முதலிடத்துக்கு வந்துவிட்டது.

ஜனவரி 20

"வண்ணன் சார், இந்த முப்பத்தொண்ணு இடிக்குது. அந்த ஊர்ல ஆஸ்பத்திரி இருக்கா?"

"இருக்கு. மூணு தாலுகாவுக்கும் அதுதான்."

"அதான பார்த்தேன். எங்க உயிர் போகுதோ அந்த ஊர்லதான சாவைப் பதியறாங்க? சுத்துப்பட்டு ஊர்க்காரங்க எல்லாம் வைத்தியத்துக்கு அங்க வந்து, அங்கயே சாகறாங்க. அது எப்படி அந்த ஊரோட குறையாகும்? ஆஸ்பத்திரி இருக்கறதுக்கு மார்க் கொடுக்கறத விட்டுட்டு, அதுக்காகவே மார்க்கைக் குறைச்சிருக்கோம் சார்."

அவள் சொன்னது சரிதான். எனக்குத் தெரியாததும் அல்ல. மூன்று வருடம் வகுப்பில் இதைத்தான் பாடமாக நடத்தினேன். ஆனால் எல்லா ஊருக்கும் ஒரே முறையைத்தானே வைத்திருக்கிறோம்? தேரிமங்கலத்துக்கு மட்டும் கழித்துவிட்டால் நாளைக்கு நாலு பேர் கேட்க மாட்டார்களா? "சொந்த ஊருங்கறதுக்காகச் சலுகை காட்ட முடியாதும்மா" என்றேன். ஹசீனா தன் மேசைக்குப் போனாள்.

நேர்மையாக இருப்பதில் ஒரு நிம்மதி இருக்கிறது. இன்று நன்றாகத் தூங்குவேன்.

ஜனவரி 21

தூங்கவில்லை. கொசு.

பிப்ரவரி 2

பட்டியல் வெளியானது. மத்தியானத்துக்குள் ஒன்றரை லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள். ஒரு நாளிதழும் கேட்டு வாங்கிக்கொண்டது. 'ஆய்வு: பால்வண்ணன்' என்று கீழே சின்ன எழுத்தில் என் பெயர். சார் கேக் வெட்டினார். ஹசீனா தலைவலி என்று சீக்கிரம் கிளம்பிவிட்டாள்.

பழகியவர்கள் எல்லோருக்கும் அதை அனுப்பினேன். மலருக்கும் அனுப்பினேன். அவள் எண் இன்னும் போனில் கிடந்தது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 4

மலர் பார்த்துவிட்டாள் என்று போன் காட்டுகிறது. பதில் இல்லை. லாரி வந்தது. இரண்டு டிரம்மும் நிரம்பியது.

பிப்ரவரி 8

அக்காவே கூப்பிட்டாள். குரலில் ஒரே உற்சாகம்.

"ஏல, பேப்பர் பாத்தியா? நம்ம ஊரு மொத எடமாம்லா! பத்தாங்கிளாஸ்ல ஒருநாளும் மொத எடம் வராத ஊரு. எவனோ வேலையத்தவன் உக்காந்து எழுதிருக்கான். சாவு ஜாஸ்தியாம். நான் பொழச்சுக் கெடக்கேம்லா, என்ன வந்து எண்ணச் சொல்லு அவன."

"விடுக்கா. பேப்பர்க்காரங்க அப்படித்தான் போடுவாங்க."

"பஜார்ல எல்லாரும் கொதிச்சுப் போயிருக்காவ. அத்தான் மட்டும் ஒண்ணும் சொல்லல. அந்தப் பேப்பர்ல காயில் பொட்டலம் கட்டிட்டாவ."

நானும் சிரித்தேன். சொல்லியிருக்கலாம். போனில் சொல்கிற விஷயமா அது?

பிப்ரவரி 11

மலர் எழுதியிருக்கிறாள். மூன்றே வரி. அப்படியே எழுதி வைக்கிறேன்: "படித்தேன். அந்த ஊர் எனக்குப் பிடித்திருந்தது. செல்லக்கனி அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்."

மரியாதைக்குச் சொல்லியிருப்பாள். எப்போதும் நாகரிகமானவள். பருப்பை அடிபிடிக்க விட்டுவிட்டேன், வீடு முழுக்கப் புகை.

மார்ச் 3

அத்தான் போன் செய்தார். அவராகப் போன் செய்வது வருடத்துக்கு ஒருமுறை நடந்தால் அதிகம்.

"மாப்ள, அந்தப் புது டாக்டர் வரமாட்டேன்னுட்டாராம்."

"ஏன் அத்தான்?"

"அவரு வீட்டம்மா பேப்பர்ல என்னமோ பாத்தாவளாம். சாவு ஜாஸ்தியான ஊரு, தண்ணியில என்ன கெடக்கோ, கைப்புள்ளய வச்சுக்கிட்டு அங்க வரமுடியாதுன்னு ஒரே அழுகையாம். அவரு யாரையோ புடிச்சு ஆர்டர மாத்திட்டாராம். நேத்து செல்லக்கனிய வீட்டுக்கு அனுப்பிட்டாவ. நாளைக்கும் மெஷின் கெடையாதுன்னுட்டாவ."

"வேற டாக்டர் போடுவாங்க அத்தான்."

"போடுவாவளா?"

"கண்டிப்பா."

"சரி மாப்ள. நீ சொன்னா சரியா இருக்கும். படிச்சவன்" என்று வைத்துவிட்டார்.

நாள் முழுக்கச் சாப்பிடவில்லை.

மார்ச் 5

அக்கா திருநெல்வேலிக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொண்டு வந்தாள். எழுபது கிலோமீட்டர். காலை ஆறு மணிக்குத்தான் அவளுக்கு இடம் கிடைத்திருக்கிறது. மூன்றரை மணிக்கு எழுந்து கிளம்பியிருக்கிறார்கள்.

மார்ச் 9

அலைந்து திரிந்து அந்த டாக்டரின் எண்ணை வாங்கிப் பேசினேன். நல்ல மாதிரியான மனிதர். குழந்தை அழும் சத்தம் கேட்டது.

"டாக்டர், அந்தப் பட்டியல் தப்பு. ஆஸ்பத்திரி இருக்கறதாலதான் சாவு எண்ணிக்கை அதிகமாத் தெரியுது. ஊர்ல எந்த வியாதியும் கிடையாது. தண்ணி தேங்காத்தண்ணி மாதிரி இருக்கும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும் சார்?"

"அதப் போட்டவர எனக்குத் தெரியும்."

"அவர் தப்புன்னு சொல்லிட்டாரா?"

"இன்னும் இல்ல."

"சரி, நீங்க அந்த ஊர்லதான் இருக்கீங்களா?"

"இல்ல டாக்டர். சென்னையில."

"எத்தன வருஷமா?"

"பதினோரு வருஷம்."

குத்திக் காட்டியிருந்தால்கூடத் தேவலை. "குழந்தை அழறான் சார், வச்சிடறேன்" என்றார்.

மார்ச் 12

சந்தானகிருஷ்ணன் சாரிடம் பட்டியலை எடுத்துவிடச் சொன்னேன். ஒன்பது லட்சம் பேர் பார்த்ததை எடுப்பார்களா என்று கேட்டார். "தப்புன்னா தப்புன்னு போடலாம். முறை உங்களுது. எங்க தப்பு பண்ணீங்க, ஏன் பண்ணீங்கன்னு உங்க பேர்ல எழுதிக் குடுங்க. இன்னிக்கே போடறேன்" என்றார்.

பேனாவை எடுத்து உட்கார்ந்தேன். 'சாவு விகிதத்துக்கு எட்டாக இருந்த எடையை இருபத்தைந்தாக' என்பது வரை எழுதினேன். அடுத்து 'ஏன்' என்று வருகிறது. அதற்கு என்ன எழுதுவது?

திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம்.

மார்ச் 16

ஆடிட் வேலை. நேரமில்லை.

ஏப்ரல் 4

நான்கு மெஷினையும் லாரியில் ஏற்றி வேறு ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். படுக்கை வார்டையும் மூடியாயிற்று. வருகிறவர்களுக்கு ஓர் ஊசியைப் போட்டுத் திருநெல்வேலிக்கு அனுப்புகிறார்களாம். மாடி வார்டிலிருந்து மெஷினை இறக்குகிறபோது அத்தான் போய் நின்றிருக்கிறார். "பாத்து எறக்குங்கப்பா, ஆடுச்சுன்னா காயில் கழண்டுரும்னு சொல்லிட்டு வந்தேன் மாப்ள" என்றார்.

அக்காவைச் சென்னைக்கு வரச் சொன்னேன். "ஒன் வீட்ல லாரி வந்தாத்தானல தண்ணி. எனக்கு ஒரு லிட்டர் போதும், ஒங்க அத்தானுக்கு?" என்றாள். நான் வற்புறுத்தவில்லை. ஒற்றை அறை. அவர்கள் எங்கே படுப்பார்கள் என்று யோசித்தேன். யோசித்தது நிஜம்.

ஏப்ரல் 20

லீவு போட்டு ஊருக்கு வந்திருக்கிறேன். இன்று அக்காவுடன் நானும் திருநெல்வேலிக்குப் போனேன். விடிவதற்கு முன்பே பஸ். அக்கா பாதி ஆளாகியிருக்கிறாள். கால் இரண்டும் வீங்கி, செருப்பின் வாரை அத்தான் அறுத்து அகலமாக்கித் தைத்திருக்கிறார்.

முடிந்து வெளியே வந்தவுடன் அவளுக்குத் தலைசுற்றியது. ஆஸ்பத்திரி வாசலில் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்காரவைத்தேன். ஒரு ஐஸ் கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு, ரோட்டைப் பார்த்தபடியே கேட்டாள்.

"நீதானல போட்ட?"

"எதக்கா?"

"நடிக்காத. கீழ ஒம் பேரு கெடக்குன்னு எங்க ஹெட்மிஸ்ட்ரஸ் காட்டுனாவ. நம்ம ஊருலேயே பால்வண்ணன்னு பேரு வச்சது ஒனக்கு மட்டுந்தான்."

நான் தரையைப் பார்த்தேன். ஒரு எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது.

"அத்தானுக்குத் தெரியுமா?"

"தெரியாது. தெரியவும் வேண்டாம். அவிய தாங்க மாட்டாவ. ஒன்ன பெரிய ஆளுன்னு நெனச்சிட்டுருக்காவ." மிச்ச ஐஸைக் கடித்து விழுங்கினாள். பிறகு சொன்னாள். "மலருக்காகத்தான இம்புட்டும்?"

"என்னக்கா ஒளறுத?"

"நான் ஒளறல. ஊரு அவள வெரட்டலல. சந்தைக்கு எங்கூட எப்படிச் சிரிச்சிக்கிட்டே வருவா தெரியுமா? நீதான் அவகிட்ட ஆறு மாசமா மொகங்குடுத்துப் பேசல. காலேசுல என்னமோ பிரச்சின, அத அவமேல காட்டுன. ஒருநா அடுப்பங்கரையில உக்காந்து அழுதா. அண்ணி, அவருக்கு நான் என்ன செஞ்சேன்னு கேட்டா. நான் என்னத்தச் சொல்ல?"

டயாலிசிஸ் முடிந்தவுடன் ரத்த அழுத்தம் இறங்கிவிடும். அந்த நேரத்தில் வாயில் வந்ததைப் பேசுவார்கள் என்று நர்ஸ் சொல்லியிருக்கிறார்.

ஏப்ரல் 21

நர்ஸ் அப்படி ஒன்றும் சொல்லவில்லை.

ஜூன் 15

வாரம் மூன்று முறை இரண்டாகிவிட்டது. பஸ்ஸில் உட்கார முடியவில்லை என்கிறாள். சத்துணவுக் கூடத்துக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்கள். அதற்குத்தான் அக்கா அழுதாள் என்று அத்தான் சொன்னார். அரை மணி நேரம் பேசினோம்.

ஜூலை 2

சட்டையில் பொத்தான் தைத்தேன். திருத்தம் எழுதி முடித்தேன், ஒன்றரைப் பக்கம். கிழித்துப் போட்டுவிட்டேன். ஹசீனா வேறு கம்பெனிக்கு விண்ணப்பித்திருக்கிறாளாம்.

ஆகஸ்ட் 13

நேற்று அக்கா செத்துப்போனாள்.

எழுதிவிட்டேன். இனி மற்றதை எழுதுவது சுலபம்.

அம்மன் கோவில் கொடை விழாவுக்காக ஊருக்கு வந்திருந்தேன். திங்கட்கிழமையே தெருவை அடைத்துப் பந்தல் போட்டுவிட்டார்கள். வண்டி நுழைய முடியாது, பஜார் வரை அவளால் நடக்கவும் முடியாது. "ஒரு நாள் விட்டா ஒண்ணும் ஆவாதுல. கொடையும் அதுவுமா நான் ஊர விட்டுப் போவணுமா?" என்றாள். செவ்வாய்க்கிழமை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மேளத்தைக் கேட்டாள். புதன் காலையில் மூச்சு இழுக்க ஆரம்பித்துவிட்டது. நாற்காலியோடு பஜார் வரை தூக்கிப்போய், பக்கத்து வீட்டுக்காரர் காரில் ஏற்றி, முதலில் எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் போனோம். மூன்று வருடம் அவள் நடந்தே போய்வந்த இடம். நர்சம்மா ஆக்சிஜன் வைத்துவிட்டு, "இங்க யாரும் இல்லய்யா, நிக்காம போயிருங்க" என்று அழுதார்.

அவளைப் படுக்கவைக்க முடியவில்லை. படுத்தால் மூச்சு நிற்கிறது. பின் சீட்டில் என் தோளில் சாய்ந்திருந்தாள்.

"ஏல, கண்ணாடியத் தொற."

"தொறந்துதான்க்கா இருக்கு."

"இன்னும் தொற."

அதுதான் கடைசி. அத்தான் முன் சீட்டிலிருந்து திரும்பி அவள் காலைப் பிடித்துக்கொண்டே வந்தார். எப்போது போனது என்று எனக்குத் தெரியவில்லை. தோளில் கனம் கூடியது போலிருந்தது.

புளியங்கண்டியில் வண்டியை நிறுத்தினோம். மூவாயிரம் பேர் இருக்கிற ஊர். மெயின் ரோட்டில் ஒரு டீக்கடை, ஒரு சுகாதார நிலையம், அதை ஒட்டிப் பேரூராட்சி அலுவலகம். நாங்கள் வாயைத் திறப்பதற்கு முன்பே டீக்கடைக்கார அம்மா, "ஏ, எந்திரிங்கப்பா, பெஞ்ச எடுங்க" என்று டீ குடித்துக்கொண்டிருந்தவர்களை விரட்டி, தானே ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார். சுகாதார நிலையத்து நர்ஸ் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். அந்த அம்மாதான் அக்காவின் முகத்தைத் துடைத்தார், சேலையை இழுத்துவிட்டார், கண்ணை மூடினார். தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து மேலே போர்த்தினார்.

"எந்தூரு தாயி இவ?"

"தேரிமங்கலம்" என்றார் அத்தான்.

"அங்க டாக்டரு இல்லையாம்லா. பங்குனிக்குப் பொறவு வாரத்துக்கு ரெண்டு வண்டி இப்படி வந்து நிக்குது அண்ணாச்சி. மூணு தாலுகாவும் இந்த ரோட்டுலதான வரணும். இம்புட்டு தூரந்தான் தாங்குது போல."

பதிவுக்கு விவரம் கேட்டார்கள். இறந்த இடம் என்பதற்கு அத்தான் "தேரிமங்கலம்னு எழுதுங்க, அவ அந்த ஊர விட்டு எங்கயும் இருந்ததில்ல" என்றார். எழுத்தர் தயங்கினார். "வண்டியில போயிட்டாவன்னா, வண்டி மொதல்ல நின்ன ஊர்லதான் எழுதணும் அண்ணாச்சி. சட்டம் அப்படி." அத்தான் என்னைப் பார்த்தார். படிச்சவன் என்று பார்த்தார்.

"ஆமா அத்தான். அப்படித்தான்" என்றேன்.

புளியங்கண்டி என்று எழுதினார்கள்.

செப்டம்பர் 1

வேலைக்குப் போனேன். எல்லோரும் துக்கம் விசாரித்தார்கள்.

ஜனவரி 19

இந்த வருடப் பட்டியல். அதே முறை, அதே எடை. கணக்கை ஓட்டினேன்.

தேரிமங்கலம் இருபத்தாறாவது இடத்துக்குப் போய்விட்டது. சாவு விகிதம் முப்பத்தொன்றிலிருந்து பதினொன்று. மூடிய ஆஸ்பத்திரியில் யாரும் சாக முடியாதல்லவா? திருநெல்வேலி போய்ச் சேர்ந்து சாகிறவர்கள் பெரிய நகரத்துக் கணக்கு, அது எங்கள் பட்டியலிலேயே வராது. போய்ச் சேராதவர்கள்தான் மிச்சம்.

முதலிடத்தில் புளியங்கண்டி.

ஹசீனா வெளியேறும் வாரம். என் திரையைப் பார்த்துவிட்டு நின்றாள். "இது எப்படி வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும்தான சார்?" என்று மட்டும் கேட்டாள். தெரியும் என்றேன்.

ஜனவரி 23

சார் சொன்னார்: "முறைய மாத்தணும்னா வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்திடுங்க. ஆனா ஏன் மாத்தினோம்னு கீழ விளக்கம் போடணும். போன வருஷப் பட்டியல் தப்புன்னு ஒத்துக்கற மாதிரி ஆகும். உங்க இஷ்டம்."

ஒரு எண்ணை மாற்ற வேண்டும், நான்கு வரி எழுத வேண்டும். அரை மணி நேர வேலை.

ஜனவரி 29

வெள்ளிக்கிழமை. நாள் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அந்த நான்கு வரியை எழுதினால், எட்டை இருபத்தைந்தாக்கிய அந்தச் சனிக்கிழமைதான் என் அக்காவைக் கொன்றது என்று என் கையாலேயே எழுதியது ஆகும். முடியவில்லை. கோழைத்தனம்தான். ஆறு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு வந்தேன். ஹசீனா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனாள். என்னிடமும் சொல்லிக்கொண்டாள்.

பிப்ரவரி 2

பட்டியல் காலை ஆறு மணிக்கே வெளியாகிவிட்டது. பத்து மணிக்கு அத்தான் கூப்பிட்டார். பின்னால் வெடிச் சத்தம்.

"மாப்ள, நம்ம ஊரு பட்டியல்ல இல்லையாம்லா! பஜார்ல வெடி போட்டுக்கிட்டுக் கெடக்கானுவ. போன வருசம் போட்டதும் நீதான்னு இப்பத்தான் சொன்னாவ."

"ஆமா அத்தான்."

"ஆமாவா... போன வருசம் எவனாச்சும் ஒனக்குத் தப்பான கணக்கக் குடுத்திருப்பான். இந்த வருசம் நீயே பாத்துச் சரி பண்ணிட்ட, அப்படித்தான? ஒனக்கு சால்வ போடணும்ங்காவ. வருவியா?"

"அத்தான், நான் எதையும் சரி பண்ணல. ஊர் ஆஸ்பத்திரியில இப்ப யாரும் சாகறதில்ல. அதனால எறங்கிருக்கு."

மெதுவாகத்தான் அவருக்குப் புரிந்தது.

"அப்ப செல்லக்கனி?"

"அவ புளியங்கண்டிக் கணக்குல இருக்கா."

"அது எத்தனாவது எடம்?"

"முதல் இடம் அத்தான்."

"அந்தப் பொம்பள பெஞ்சத் தூக்கிக்கிட்டு ஓடியாந்தாளே மாப்ள. பத்தாம் நாளு துண்டத் திருப்பிக் குடுக்கப் போனேன், வாங்க மாட்டேன்னுட்டா. ஒரு சொம்பு மோரு குடுத்து அனுப்புனா. அவிய ஊரயா மொத எடத்துல போட்டிருக்க? எதுக்கு மாப்ள போட்ட?"

"நான் போடல அத்தான். கணக்கு அப்படி வந்திருக்கு."

"அப்படியா" என்றார். நம்பிவிட்டார். நான் சொன்னால் எதையும் நம்புவார். "சாப்டுட்டியா மாப்ள? நேரத்துக்குச் சாப்டு" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

நான்தான் போட்டேன்.